பதினொரு பாய்கள், ஏழு பெயர்கள்

1997 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். காலையில் பிடித்த மழை ஒன்றரைக்கு விட்டிருந்தது. வெயிலும் வரவில்லை, காற்றும் இல்லை. கொட்டாஞ்சேனையில் அப்படியான நேரத்தில் சாக்கடைக் கான்கள் எல்லாம் ஒன்றாக நாறும். அந்த நாற்றத்துக்குள் இருந்துகொண்டுதான் நான் நாலு பெயர்களை விட்டுவிட்டு ஒரு புதுப் பட்டியலை எழுதினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு எழுத்தும் சரியாமல் எழுதினேன். எழுதி முடிக்கப் பதினெட்டு நிமிடம் பிடித்தது.

அது ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்து நாலு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையில் மூன்று நாள் அங்கே கணக்கு எழுதப் போய்வந்தேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தந்தார்கள். வெள்ளவத்தையில் நானும் மனைவியும் இருந்த ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்த பிறகு பென்ஷனில் மிஞ்சியது மருந்துக்கே போதாது. அதனால்தான் போனேன். பொழுது போகாமல் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

கடையில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். தோசைக்கல்லில் நின்றவருக்கு மட்டும் கூடிய சம்பளம். மற்றப் பத்துப் பேருக்கும் மாதம் ஆயிரத்து நூறு ரூபாய், அதோடு மூன்று நேரச் சாப்பாடு, கேட்ட நேரம் தேநீர், மேல்மாடியில் ஒரு பாய். எங்கள் ஆட்களின் கடைகளில் அதுதான் அந்தக் காலத்து வழக்கம். சாப்பாட்டையும் பாயையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதினால் அது கேவலம் என்று ஒரு நினைப்பு இருந்தது.

அந்த வருடம் எங்கள் தொழிலுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டியிருந்தார்கள். அதை அறிவித்த அரசாங்க வர்த்தமானியை நானே வாங்கி வந்து முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். ஆளுக்கு மாதம் முந்நூற்று நாற்பது ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு மூவாயிரத்து நானூறு. முதலாளி என்னைவிட எட்டு வயது இளையவர், யாழ்ப்பாணத்தவர், நெற்றியில் எந்த நேரமும் மூன்று திருநீற்றுக் குறி. அவர் பணப்பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, உதை ஆர் உங்களை வாங்கிக்கொண்டு வரச் சொன்னது?"

"சட்டம் எண்டால் தெரிஞ்சுகொள்ளத்தானே வேணும்."

"எனக்குத் தெரியாமல் இருந்தால் நான் குற்றவாளி இல்லை. இப்ப நீங்கள் வாசிச்சுப்போட்டியள். இனி எனக்குத் தெரியும். வியாழக்கிழமை லேபர் கந்தோரால ஆள் வருகுதாம். என்ன செய்யப்போறியள்?"

நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். சட்டத்தை நானே இயற்றியது போல.

அவருடைய வழி சுலபமானது. சம்பளப் புத்தகத்தில் பதினொரு பெயர் எதற்கு, ஏழு போதும். மலைநாட்டிலிருந்து வந்து பின்கட்டில் வேலை செய்த நாலு பேரையும் விட்டுவிடலாம். அவர்களை வாடிக்கையாளர் காண்பதில்லை, இன்ஸ்பெக்டர் மட்டும் எப்படிக் காண்பார்? மிச்சம் ஏழு பேரும் புதுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கட்டும். ஆனால் இனிமேல் சாப்பாட்டுக்கு மாதம் நானூறு ரூபாயைத் தனிக் கொப்பியில் பிடித்துக்கொள்ளலாம்.

கூட்டுவது முந்நூற்று நாற்பது, பிடிப்பது நானூறு. தோசைக்கல்லில் நின்றவருடைய சம்பளம் முன்னமே சட்டத்துக்கு மேலே இருந்ததால் அவரைத் தொடவில்லை. மற்ற ஆறு பேரும் தொழிலாளரைக் காப்பாற்ற வந்த சட்டத்தால் மாதம் அறுபது ரூபாய் இழந்தார்கள். முதலாளிக்கு அந்த ஆறு பேராலும் முந்நூற்று அறுபது ரூபாய் லாபம். இதை நான் அன்றைக்கே பென்சிலால் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு அழிறப்பரால் அழித்தேன்.

புதுச் சம்பளப் புத்தகம் ஒன்றை எழுதினேன். பழையதை அடுப்பில் போடச் சொன்னார். நான் போடவில்லை. அதில் இருபத்தாறு வெற்றுத் தாள்கள் மிச்சம் இருந்தன. நல்ல தடித்த தாள். வீட்டுப் பால் கணக்கு எழுத உதவும் என்று பத்திரிகையில் சுற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனேன். இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவதை வாசிப்பவர்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் என் சொந்த வேலை. அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர் தங்கும் ஒவ்வொரு வீடும் கடையும் உள்ளே படுப்பவர்களின் பட்டியலைப் பொலிஸில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கிவைக்க வேண்டும். எங்கள் கடையின் பட்டியல் மேல்மாடிக் கதவுக்குப் பின்னால் நாலு ஊசியில் தொங்கியது. அதில் வேலையாட்கள் என்று பதினொரு பெயர்கள். எனக்கு அது உறுத்தியது. ஒரே கடை, ஒரே வேலையாட்கள், ஒரு புத்தகத்தில் ஏழு, ஒரு பட்டியலில் பதினொன்று. லேபர் கந்தோரும் அரசாங்கம், பொலிஸும் அரசாங்கம். ஒன்றை ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தால்? இரண்டு பத்திரங்கள் முரண்பட்டால் கிளாக்கருக்குத்தான் முதலில் மெமோ வரும். ஆகவே புதுப் பட்டியல் ஒன்றை ஏழு பெயரோடு எழுதி, முதலாளியின் கையெழுத்தை வாங்கி, நானே பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தி வந்து, பழைய நாலு ஊசியிலேயே தொங்கவிட்டேன்.

முப்பத்து நாலு வருடத்தில் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரின் பத்திரத்தை எடுத்துப் பார்த்ததை நான் ஒரு தடவையும் கண்டதில்லை. கேட்டு எழுதிய கடிதத்துக்கே பதில் வராது. அது தெரிந்தும் செய்தேன். இரண்டு பத்திரமும் ஒத்துப்போனதைப் பார்த்து அன்று பின்னேரம் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நாலு பேரையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் இருக்கச் சொல்லி அனுப்பினார் முதலாளி. வந்தவர் சம்பளப் புத்தகத்தை ஆறு நிமிடம் பார்த்தார். பொலிஸ் பட்டியலைக் கேட்கவேயில்லை. மேல்மாடிக்கு ஏறவேயில்லை. இரண்டு மசாலாத் தோசை, ஒரு வடை, ஒரு பால் கோப்பி, பிறகு கை கழுவ வெந்நீர். பில் எழுத வேண்டாம் என்று முதலாளி கண்ணால் காட்டினார். கையைத் துடைத்த கடதாசியை இன்ஸ்பெக்டர் என் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். எண்ணெய் இரண்டு தாளுக்கு ஊறிவிட்டது.

நாலு பேரில் மூத்தவர் பாத்திரம் கழுவுபவர். ஐம்பத்திரண்டு வயது, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து எங்கள் கடையில் ஒன்பது வருடம். இன்ஸ்பெக்டர் போனதும் பின்பக்கத்தால் வந்து என் மேசையருகில் நின்றார்.

"நானும் ஒரு மெழுகுவத்தி பத்த வச்சேனுங்க ஐயா."

"நீர் சைவம் எல்லோ?"

"கோயிலுக்குள்ள ரெண்டு மணி நேரம் சும்மா குந்திக்கிட்டு இருக்க வெக்கமா இருந்திச்சுங்க. சம்பளம் கூடணும்னு வேண்டிக்கிட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்ற பரிமாறுபவர் சிரித்தார். "அந்தோனியார் காணாமல் போன சாமானைத்தான் கண்டுபிடிச்சுத் தருவார், அண்ணே. உங்கட பேரைத் தேடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

அந்தக் கிழமைக்குள் முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. ஏழு பேரைக் காட்டிக் கடை நடத்த முடியுமென்றால் ஏழு பேரை வைத்தே நடத்தலாமே. நாலு பேரில் மூன்று பேரை ஜூன் 14ஆம் தேதி அனுப்பிவிட்டார். ஒருவர் தெமட்டகொடையில் பலகை விற்கும் மரக்காலையொன்றுக்கு வேலைக்குப் போனார், இருவர் ஊருக்குப் போனார்கள். எட்டாவது ஆளாகப் பாத்திரம் கழுவுபவர் மட்டும் நின்றார். மா அரைப்பது, விறகு பிளப்பது, தண்ணீர் நிரப்புவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. பழைய ஆயிரத்து நூறுதான். ஆனால் புத்தகத்தில் இல்லாதவர் என்பதால் சாப்பாட்டுக்கு எதுவும் பிடிக்க முடியாது. கையெழுத்து வைத்தவர்களைவிட அவர் கையில் அறுபது ரூபாய் கூட வந்தது. மற்றவர்கள் குடிக்கும் தேநீரும் அந்த நானூறுக்குள் அடக்கம், அவருக்குச் சும்மா.

"சட்டத்துக்கு வெளிய இருந்தாதாங்க ஐயா லாபம்," என்று எனக்கு முன்னால் நின்று சத்தம் வர உறிஞ்சிக் குடித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை, விடியும்போது பொலிஸ் வந்து சுற்றிவளைப்பு. மேல்மாடியில் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். போனவர்களின் பாய்களையும் சேர்த்துப் பதினொரு பாய்கள் கிடந்தன. கதவில் தொங்கிய பட்டியலைக் கழற்றிப் பெயர் பெயராகக் கூப்பிட்டார்களாம். ஏழு பேர் கை தூக்கினார்கள். பட்டியலில் பெயர் இல்லாத தமிழர், அதுவும் கொழும்பு முகவரி இல்லாத அடையாள அட்டை. பாத்திரம் கழுவுபவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சப் பாய்களுக்குரிய மூன்று பேர் எங்கே என்று அவரிடமே கேட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை என் வேலை நாள் அல்ல. சனிக்கிழமை போனபோதுதான் கேள்விப்பட்டேன். கதவைப் போய்ப் பார்த்தேன். என் பட்டியலை மறுபடி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு ஊசி மட்டும் குறைந்திருந்தது.

"ஒரு கடிதம் குடுத்தால் விட்டுவிடுவாங்கள்," என்றேன் முதலாளியிடம். "எங்கட கடையில் ஒன்பது வருசமாய் வேலை செய்யிறவர் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்."

"அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் ஆரும் லேபர் கந்தோரில குடுத்தால் ஒன்பது வருசச் சம்பளப் பாக்கியும் சேமலாப நிதியும் நானெல்லோ கட்ட வேணும்? அவன் என்ர வேலையாள் இல்லை. மழைக்கு வந்து ஒதுங்கினவன். நீங்கள்தானே அண்ணை எழுதினீங்கள், ஏழு பேர் எண்டு? நான் சொன்னது சம்பளப் புத்தகத்தை. பொலிஸ் பட்டியலை மாத்தச் சொல்லி நான் சொன்னனானோ?"

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன், போகவர பதினாறு ரூபாய். ஒரு சோற்றுப் பார்சல் முப்பது ரூபாய். எங்கள் கடையில் வாங்கவில்லை. பொலிஸில் ஒரு சார்ஜன்ட் இருந்தார், என் மகனின் வயது. அரசாங்க உத்தியோகத்துக்காக மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணிய சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அலுப்போடு கேட்டார்: "வெட கரனவா நம் படி பொத கோ?" வேலை செய்கிறவர் என்றால் சம்பளப் புத்தகம் எங்கே என்று.

அந்தப் புத்தகம் அந்த நேரத்தில் வெள்ளவத்தையில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கடைசி வெற்றுத் தாள்களில் பால் கணக்கு ஐந்து நாளுக்கு எழுதியிருந்தது. முன்பக்கங்களில் மாதாமாதம் அவருடைய பெயர், அதற்கு நேரே அவருடைய பெருவிரல் அடையாளம். நான் சார்ஜன்டிடம் "தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

திங்கள் போனேன், பார்சலோடு. செவ்வாய் போனேன், புதனும் போனேன். செவ்வாய், வியாழன் பஸ் காசை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அந்த நாட்களில் எப்படியும் கடைக்குப் போயிருப்பேன். ஒவ்வொரு நாளும் பார்சலைக் கொண்டுபோனேன், புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. பழைய புத்தகத்திலும் என் கையெழுத்து, புதியதிலும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் பொய்ப் பத்திரம் எழுதியவன் என்று என்னைப் பிடிப்பார்கள், பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்தேன். பாகற்காய்ப் பொரியலும் பருப்பும் வைத்துக் கட்டிய பார்சல் அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த கட்டணம்.

வியாழக்கிழமை அவரைக் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க விட்டார்கள். முகத்தில் வெள்ளையாகத் தாடி முளைத்திருந்தது.

"ஐயா, பெரிய அண்டா அடியில சோறு புடிச்சிருக்குமுங்க. தேய்க்க வேணாம்னு சொல்லுங்க, புளித்தண்ணி ஊத்தி ஊற வச்சாப் போதும்."

"சொல்லுறன்."

"எம் பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா? பேரு இருந்தா விட்ருவேன்னு அந்தப் பொலிஸுக்கார தொரை சொல்றாரு. ஒங்க கையால மாசாமாசம் எழுதுனீங்களே, அது எங்க போச்சுங்க?"

நான் சார்ஜன்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சனிக்கிழமை மத்தியானம் வண்டி வரும் என்றார். பெயரில்லாதவர்களைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போனால் மூன்று மாதம் என்பது ஆகக் குறைந்த கணக்கு என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். மனைவி ஐந்து நாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கட்டிலுக்குக் கீழ கிடக்கிறதை எடுத்துக்கொண்டு போறதுக்கு உங்களுக்கு எத்தினை நாள் வேணும்?"

"பென்ஷனை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டட்டும். உந்தச் சோத்துப் பார்சல் காசு மிச்சம்."

வெள்ளிக்கிழமை நல்ல மழை. புத்தகம் நனையக்கூடாது, பஸ்ஸில் கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் இறக்கிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்றும் பயம். ஓட்டோ பிடித்தேன், நூற்று எண்பது ரூபாய். ஓட்டோவையும் இரண்டு இடத்தில் மறித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பால் கணக்கைப் பார்த்துவிட்டு விட்டார்கள். சார்ஜன்ட் புத்தகத்தைப் புரட்டினார். பெயரையும் விரல் அடையாளத்தையும் கண்டார். பதினாலு பக்கத்துக்குப் போட்டோக்கொப்பி எடுத்து வரச் சொன்னார், இருபத்தெட்டு ரூபாய். இரண்டு புத்தகம் ஏன் என்று அவர் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கொப்பிகளை ஒரு கோவையில் போட்டார், கோவையை ஒரு அலுமாரியில் போட்டார். நான் ஐந்து நாள் பயந்த அரசாங்கம் அவ்வளவுதான். திரும்ப பஸ்ஸில் வந்தேன், எட்டு ரூபாய்.

சனிக்கிழமை, ஜூலை 5, காலை பத்தே காலுக்கு விட்டார்கள். ஒன்பதாம் நாள். நேரே கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"பொலிஸுக்குப் போய் வந்த ஆளை வச்சிருந்தால் எனக்குக் கரைச்சல். போய்ட்டு வாரும்."

"ஜூன் மாசச் சம்பளம்?" என்று நான் கேட்டேன்.

"எந்தப் புத்தகத்தில?"

வெளியே வந்து பாத்திரம் கழுவுபவரிடம் பழைய புத்தகத்தை நீட்டினேன். லேபர் கந்தோருக்கு வாரும், நானே எழுதித் தருகிறேன், ஒன்பது வருடத்துப் பாக்கியும் வாங்கலாம் என்றேன். அவர் புத்தகத்தைத் தொடவில்லை.

"பேரு இருந்தப்பவும் ஆயிரத்து நூறுதானுங்க. இல்லாதப்பவும் ஆயிரத்து நூறுதான். இதுக்கு ஒரு கந்தோரு ஏறி, இன்னொரு பொலிஸு ஏறி... வேணாங்க ஐயா. பஸ்ஸுக்கு இருந்தா குடுங்க, ஊருக்குப் போறேன்."

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். பிறகு என் காலைத் தொடக் குனிந்தார். நான் பின்னால் விலகினேன். அது பணிவு என்று அவர் நினைத்திருப்பார்.

திரும்ப உள்ளே போய் என் மேசையில் இருந்து, செலவான எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி முதலாளியிடம் கொடுத்தேன். பஸ், ஓட்டோ, ஆறு பார்சல், போட்டோக்கொப்பி, கைச்செலவு, மொத்தம் எழுநூற்று நாற்பத்து நாலு ரூபாய். அவர் மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கூட்டல் சரியா என்றுகூடப் பார்த்தார். பிறகு என் மேசையில் கிடந்த பழைய புத்தகத்தைப் பார்த்தார்.

"அடுப்பில போடச் சொன்ன புத்தகத்தை வீட்டை கொண்டுபோனது களவு, அண்ணை. நாளையிலிருந்து நீங்களும் வரத் தேவையில்லை."

"அப்ப என்ர ஜூன் மாசச் சம்பளத்தைத் தாங்கோ."

"உங்கட பேர் எந்தப் புத்தகத்தில இருக்கு?"

பழையதில் இல்லை, புதியதிலும் இல்லை. மூன்று வருடமாக அந்தக் கடையின் சம்பளப் புத்தகத்தை எழுதியவன் நான்தான். பாத்திரம் கழுவுபவருக்கும் விறகு பிளப்பவருக்கும் கீழே என் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. பென்ஷன்காரன், உதவிக்கு வருகிறவன் என்று கையில் வாங்கிக்கொண்டேன். ஆயிரத்து ஐந்நூறை வாங்க எனக்கு ஒரு பெருவிரல் அடையாளம்கூட இல்லை.

மூக்குக் கண்ணாடியையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்கட்டிலிருந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. யாரோ அண்டாவை ஊற வைக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்ல மறந்திருந்தேன். திரும்பிப் போய்ச் சொல்லவும் இல்லை.

வராத சம்பளத்தையும் சேர்த்து எனக்கு முடிவாகச் செலவானது இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்து நாலு ரூபாய்.